நடக்க இயலாத கோழிக்குஞ்சு: நோயறிதலின் வரலாறு

கோழிக்குஞ்சின் கால் முடக்கம் என்பது, குஞ்சு எழுந்து நிற்கவோ நடக்கவோ இயலாமல் போகும் நிலையாகும். இது ஒரு தனி நோய் அன்று. பல நோய்களுக்கும் சத்துக் குறைபாடுகளுக்கும் பொதுவான ஓர் அறிகுறி. 1889-ஆம் ஆண்டுக்கும் 1970-ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் இந்த ஓர் அறிகுறிக்குப் பின்னால் மறைந்திருந்த பல காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தறியப்பட்டன. அந்த ஆய்வுகளின் பயன் கோழிகளோடு நிற்கவில்லை. வைட்டமின் எனும் உயிர்ச்சத்து பற்றிய அறிவும், புற்றுநோய் ஒன்றைத் தடுத்த முதல் தடுப்பூசியும் நடக்க முடியாத கோழிகளை உற்று நோக்கியதால் கிடைத்தவை.

ஊர்ப்புறப் பின்னணி

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரம் ஏரிப்பாசனத்தையும் நெல்லையும் நம்பி வாழும் பகுதி. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் (கி.பி. 919, 921) ஊர் பெயர் பெற்றது. இங்குள்ள சிற்றூர்களில், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, வீட்டுக் கொல்லையில் சில நாட்டுக்கோழிகள் வளர்ப்பது பழைய வழக்கம். குஞ்சுகள் தாய்க்கோழியுடன் குப்பைமேட்டைக் கிளறிப் புழு, பூச்சி, கரையான், கீரை ஆகியவற்றைத் தின்னும். வீட்டில் கிடைக்கும் நொய்யும் தவிடும் கூடுதல் தீனி. முட்டையும் கோழியும் விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு உதவும். பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் அவசரத்துக்கு ஒரு மருந்துச் சீட்டும் அந்தக் காசில் அடங்கும்.

குஞ்சு ஒன்று காலை நீட்டிப் படுத்துவிட்டால் வீடுகளில் வழக்கமாகச் செய்வது சில உண்டு. மஞ்சளைக் குழைத்துக் காலில் பூசுவார்கள். சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்துப் புகட்டுவார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்து நீரில் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு முறை குஞ்சு எழுந்துவிடும். இன்னொரு முறை அதே மருந்துக்கு அது எழாது. மற்றொரு முறை அந்தக் குஞ்சைத் தொடர்ந்து ஒரு வாரத்தில் கொல்லையே காலியாகிவிடும். மருந்து ஒன்றாக இருந்தும் முடிவு வேறுபடுவதற்குக் காரணம், நோய் வேறு வேறாக இருப்பதுதான். இந்த எளிய உண்மையைக் கண்டறிய அறிவியல் உலகுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

பத்தாவியாவின் கோழிகள்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் பெரிபெரி எனும் நோய் படைவீரர்களையும் கைதிகளையும் வாட்டியது. கால்கள் மரத்துச் செயலிழந்து, இறுதியில் இதயம் தளர்ந்து மக்கள் இறந்தனர். காரணத்தைக் கண்டறிய 1886-இல் ஓர் ஆய்வுக்குழு அனுப்பப்பட்டது. கிருமியே காரணம் என்று அக்குழு கருதியது. அதன் பணியைத் தொடரும் பொறுப்பு, பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த ஆய்வகத்தின் இயக்குநர் கிறிஸ்தியான் எய்க்மானிடம் வந்தது.

எய்க்மான் ஆய்வுக்காகக் கோழிகளை வளர்த்தார். 1889-ஆம் ஆண்டு ஜூலையில் அந்தக் கோழிகளின் நடை தளர்ந்தது. பிறகு அவை நிற்க முடியாமல் சாய்ந்து, இறக்கத் தொடங்கின. நோயுற்ற கோழியிலிருந்து எடுத்த பொருளைச் செலுத்திய கோழிகளுக்கும் நோய் வந்தது. எதுவும் செலுத்தாத கோழிகளுக்கும் வந்தது. இதனால் தொற்று எனும் கருத்து உறுதிப்படவில்லை. நவம்பர் இறுதியில், மருந்து ஏதுமின்றி, மிஞ்சிய கோழிகள் தாமாகவே குணமாயின.

விளக்கம் தீனியில் கிடைத்தது. நோய் இருந்த மாதங்களில் கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது. பின்னர் சமையற்காரர் மாறினார். படைவீரர்களின் அரிசியைக் குடிமக்களின் கோழிகளுக்குத் தர முடியாது என்று புதியவர் மறுத்துவிட்டார். கோழிகள் பழைய உமி நீக்கிய முரட்டு அரிசிக்குத் திரும்பின, கால்களும் திரும்பின. தீட்டிய அரிசியைக் கொடுத்து நோயை உண்டாக்கவும், தவிட்டைக் கொடுத்து நோயை நீக்கவும் முடியும் என்பதை எய்க்மான் தொடர் சோதனைகளால் நிறுவினார்.

இதை மனிதரிடம் சரிபார்க்க, ஜாவாவின் சுகாதார ஆய்வாளராக இருந்த ஃபோர்டர்மான் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் வீதம் பெரிபெரி காணப்பட்டது. தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு ஒருவர் மட்டுமே நோயுற்றார்.

மருந்தைச் சரியாகக் கண்ட எய்க்மான், காரணத்தைத் தவறாக விளக்கினார். அரிசியின் மாவுப்பொருளில் நஞ்சு உண்டு, தவிட்டில் அதற்கு முறிவு உண்டு என்பது அவர் கருத்து. அவருக்குப் பின் வந்த கெரிட் கிரெய்ன்ஸ் 1901-இல், நோய்க்குக் காரணம் நஞ்சு அன்று, உணவில் ஏதோ ஒரு பொருள் இல்லாமைதான் என்று கூறினார். 'இருப்பதால்' வரும் நோயை மட்டுமே அறிந்திருந்த மருத்துவம் 'இல்லாததால்' வரும் நோயை அறியத் தொடங்கியது. 1912-இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் எனும் பெயரை வழங்கினார். 1926-இல் அதே பத்தாவியா ஆய்வகத்தில் ஜான்சன், டோனாத் இருவரும் அரிசித் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தனர். அதுவே தயமின் எனும் வைட்டமின் பி1. எய்க்மான் 1929-இல் நோபல் பரிசு பெற்றார்.

சென்னை மாகாணமும் புழுங்கலரிசியும்

இந்த வரலாற்றில் சென்னை மாகாணத்துக்கும் இடம் உண்டு. மாகாணத்தின் வடபகுதியான வடசர்க்கார் மாவட்டங்களில் (இன்றைய கடலோர ஆந்திரம்) பெரிபெரி தொடர்ந்து காணப்பட்டது. நீலகிரியின் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் இராபர்ட் மெக்கரிசன் 1918-இல் பெரிபெரி ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். புறாக்களுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்து, குறைபாடு உடலுறுப்புகளில் உண்டாக்கும் மாற்றங்களை அவர் ஆராய்ந்தார். அச்சிறு பிரிவு வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனும் பெயர் பெற்றது.

தமிழ்ப் பகுதிகளிலும் அரிசியே முதன்மை உணவு. ஆயினும் இங்கே பெரிபெரி பெருநோயாகப் பரவவில்லை. புழுங்கலரிசியே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் படலத்திலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. மெக்கரிசனுக்குப் பின் குன்னூர் ஆய்வகத்தை நடத்திய அய்க்ராய்டும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1940-இல் வெளியிட்ட இந்திய அரிசிச் சிக்கல் பற்றிய ஆய்வு இதை விரிவாகப் பேசியது. நெல் அவிக்கும் வீட்டு வழக்கம், பெயர் தெரியாத ஒரு நோய்த்தடுப்பாகப் பல தலைமுறைகளாக இயங்கியிருக்கிறது.

தயமினைச் செயற்கையாக உருவாக்கியவர் இராபர்ட் ஆர். வில்லியம்ஸ். அவர் 1886-இல் சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர். மணிலாவில் இளம் வேதியியலாளராகப் பணியாற்றியபோது, பெரிபெரியால் சாகும் தறுவாயிலிருந்த குழந்தைகள் தவிட்டுச் சாற்றால் பிழைப்பதைக் கண்டார். அதன்பின் இந்த ஆய்வை அவர் கைவிடவில்லை. 1936-இல் வெற்றி பெற்றார். இன்று கோழிக்கும் மனிதருக்கும் கொடுக்கப்படும் பி1 மாத்திரையும் ஊசியும் அந்த முயற்சியின் விளைவு.

ஒரே பெயர், இரு நோய்கள்

எய்க்மான் தம் கோழிகளின் நோயைப் 'பல்நரம்பு அழற்சி' என்று அழைத்தார். 1907-இல் புடாபெஸ்ட்டு நகரின் கால்நடை மருத்துவப் பேராசிரியர் யோசெஃப் மாரெக், காலும் இறகும் செயலிழந்த நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார். அவரும் அதே பெயரையே பயன்படுத்தினார். ஆனால் மாரெக் கண்ட சேவல்களின் நரம்புகள் தடித்திருந்தன. அவற்றில் அணுக்கள் குவிந்திருந்தன. எந்தத் தவிடும் அவற்றைக் குணமாக்காது. வெளியே ஒன்றுபோல் தோன்றிய இரு முடக்கங்களில் ஒன்று குறைபாடு, மற்றொன்று தொற்று.

மாரெக் நோயின் காரணி அக்கி வைரசு வகையைச் சேர்ந்தது என்பது 1967-இல் பிரித்தானியாவில் சர்ச்சில், பிக்ஸ் ஆகியோரின் ஆய்வால் தெரியவந்தது. இந்த வைரசு நரம்புகளைத் தாக்குவதோடு உள்ளுறுப்புகளில் புற்றுக்கட்டிகளையும் உண்டாக்குகிறது. 1969-இல் பிரித்தானியாவிலும், 1970-இல் வான்கோழி வைரசைக் கொண்டு அமெரிக்காவிலும் தடுப்பூசிகள் வெளிவந்தன. புற்றுநோய் ஒன்றைத் தடுத்த முதல் தடுப்பூசி கோழிக்காகவே உருவானது.

வெயிலும் விரலும் எலும்பும்

1920-களில் அமெரிக்காவில் கோழிகளைக் கட்டடத்துக்குள் அடைத்து வளர்க்கும் முறை பரவியபோது குஞ்சுகளின் கால்கள் வலுவிழந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹார்ட், ஹால்பின், ஸ்டீன்பாக் ஆகியோர் வெயிலும் மீன் எண்ணெயும் அதைத் தடுப்பதைக் காட்டினர். அது வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகும் நோய். நாள் முழுதும் வெயிலில் மேயும் கொல்லைக் குஞ்சுகளுக்கு இது அரிதாகவே வரும்.

1930-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நாரிசும் அவருடைய குழுவினரும் மேலும் இரண்டைப் பிரித்தறிந்தனர். ஒன்று, குஞ்சின் கால்விரல்கள் உட்புறமாகச் சுருண்டு அது கணுவால் நடக்கும் நிலை. இது ரிபோபிளேவின் எனும் வைட்டமின் பி2 குறைவால் வருவது. மற்றொன்று, கணு மூட்டு வீங்கித் தசைநாண் தன் இடத்திலிருந்து நழுவும் நிலை. 1936-இல் இதற்கு மாங்கனீசு எனும் தாதுவின் குறைவு காரணமாகக் காட்டப்பட்டது. வைட்டமின் ஈ குறைவால் சிறுமூளை கெட்டுக் குஞ்சு தலைசுழன்று விழுவதை பாப்பன்ஹைமர், கோட்ச் இருவரும் 1931-இல் விளக்கினர்.

இராணிக்கெட் நோய்

1926-இல் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலும் கோழிகளை மொத்தமாகக் கொல்லும் ஒரு தொற்று தோன்றியது. டாயில் எனும் ஆய்வாளர், இது முன்பே அறியப்பட்ட கோழிக் கொள்ளைநோய் அன்று என்பதை, ஒன்றிலிருந்து பிழைத்த கோழி மற்றொன்றுக்கு எதிர்ப்பாற்றல் பெறுவதில்லை என்பதைக் கொண்டு நிறுவினார். தற்காலிகமாக அவர் வைத்த நியூகாசில் நோய் எனும் பெயரே நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட்டில் இதே நோய் கண்டது. முக்தேசுவர் ஆய்வகத்தின் எட்வர்ட்ஸ் 1928-இல் அதைப் பதிவு செய்தார். இந்தியாவில் இராணிக்கெட் நோய் எனும் பெயர் இவ்வாறு வந்தது.

இந்நோயில் பச்சை அல்லது வெள்ளை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கு ஆகியவை காணப்படும். பிழைத்த கோழிகளில் காலும் இறகும் முடங்கும். தமிழ்நாட்டில் இது வெள்ளைக்கழிச்சல் என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் வெள்ளையாகக் கழிவது இதற்கு மட்டும் உரியதன்று. 1899-இல் ரெட்கர் கண்டறிந்த புல்லோரம் எனும் பாக்டீரியா நோயும் சின்னஞ்சிறு குஞ்சுகளில் வெள்ளைக் கழிச்சலை உண்டாக்கும். அறிகுறியைக் கொண்டு பெயரிட்டால் இரண்டு நோய்கள் ஒரே பெயருக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இது நம் ஊர்ச் சான்று.

இராணிக்கெட் நோய்க்கு மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தடுப்பூசியே வழி. வைரசைக் கருமுட்டையில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைக்கும் முறையை ஐயர், டாப்சன் இருவரும் 1940-இல் வெளியிட்டனர். 1940-களில் முக்தேசுவரில் ஹேடோவும் இத்னானியும் இந்திய வைரசிலிருந்து தடுப்பூசியை உருவாக்கினர். அது வளர்ந்த கோழிகளுக்கு ஏற்றது. இளங்குஞ்சுகள் அதன் வீரியத்தைத் தாங்கா. பின்னர் வந்த எஃப் வகைத் தடுப்பூசி அந்தக் குறையை நீக்கியது. முதல் வாரத்திலேயே கண்ணிலும் மூக்கிலும் சொட்டு விட்டுக் குஞ்சுகளைக் காக்க முடிந்தது.

கொல்லைக்கு வந்த தடுப்பூசி

தமிழ்நாட்டில் கால்நடைத் தடுப்பூசிகளை இராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. இராணிக்கெட் தடுப்பூசியும் அவற்றுள் ஒன்று. கால்நடை பராமரிப்புத் துறை கோடை தொடங்கும் முன், பிப்ரவரி மாதத்தில், ஊர்தோறும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது.

தடுப்பூசி குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய தடை. ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருக்கும். ஐந்தாறு கோழிகள் உள்ள வீட்டுக்கு அதைத் திறந்தால் மீதி வீணாகும். 1966-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கண்டறியப்பட்ட, வெப்பத்தைத் தாங்கும் சாதுவான வைரசு வகை இதற்கு வழி காட்டியது. தீனியில் கலந்து கொடுக்கும் தடுப்பூசி பற்றிய ஆய்வுகள் 1980-களில் ஆசிய நாடுகளில் நடந்தன. 1989-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நாட்டுக்கோழிகளுக்கெனக் குருணை வடிவ வாய்வழித் தடுப்பு மருந்தை உருவாக்கியது.

இன்றைய நோயறிதல்

மேலே கண்ட வரலாறு, ஒரு குஞ்சு படுத்துவிட்டால் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதைக் கற்பிக்கிறது. முதற்கேள்வி, குஞ்சின் வயது என்ன? பொரித்த ஓரிரு நாளில் கால்கள் இரு பக்கமும் அகன்று வழுக்கினால், வழவழப்பான தரையோ அட்டைப்பெட்டியில் விரித்த செய்தித்தாளோ காரணமாக இருக்கலாம். சாக்கு விரித்து, இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் மெல்லிய துணிநாடாவால் சில நாள் இணைத்துக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். முதல் மூன்று வாரங்களில் விரல் சுருளுதல், எலும்பு மென்மை போன்ற குறைபாடுகள் தலைகாட்டும். மாரெக் நோய் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குப் பிறகே தோன்றும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீண்டிருப்பது அதன் அடையாளம்.

இரண்டாம் கேள்வி, என்ன தின்றது? தாயின்றி, அட்டைப்பெட்டியில் அடைத்து நொய் மட்டும் போட்டு வளர்க்கும் குஞ்சு ஏறத்தாழ எய்க்மானின் கோழி நிலையில் இருக்கிறது. தலையைப் பின்னுக்கு வளைத்து வானத்தைப் பார்ப்பது தயமின் குறைவின் குறி. பி வைட்டமின் கொடுத்தால் சில மணி நேரத்தில் மாற்றம் தெரியலாம். விரல் சுருண்ட குஞ்சும் தொடக்கத்திலேயே பி2 கிடைத்தால் தேறும். நாள் கடந்தால் நரம்பு திரும்பாது. நழுவிய தசைநாண் பெரும்பாலும் பழைய இடத்துக்கு வருவதில்லை.

மூன்றாம் கேள்வி, மற்றவை எப்படி உள்ளன? ஒரு குஞ்சு மட்டும் நொண்டினால் அடிபட்டிருக்கலாம். பல கோழிகள் ஒன்றாகச் சோர்ந்து, கழிந்து, மூச்சுத் திணறினால் அது தொற்று. நோயுற்றவற்றை உடனே பிரித்து வைத்து, விற்கவோ பக்கத்து ஊருக்கு அனுப்பவோ செய்யாமல், கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பறவைக் காய்ச்சலும் இவ்வாறு தொடங்கக்கூடும் என்பதால் இறந்தவற்றை வெறுங்கையால் தொடக்கூடாது. இறந்த கோழியை அறுத்துப் பரிசோதிப்பதே பல நேரங்களில் உறுதியான விடையைத் தரும். தடித்த தொடை நரம்பு மாரெக் நோயையும், இரைப்பையின் இரத்தப் புள்ளிகள் இராணிக்கெட் நோயையும் சுட்டும்.

நான்காம் கேள்வி, ஏற்கெனவே என்ன மருந்து கொடுக்கப்பட்டது? இரத்தக் கழிச்சலுக்குத் தரப்படும் ஆம்புரோலியம் வேதியமைப்பில் தயமினைப் போன்றது. ஒட்டுண்ணி அதைத் தயமின் என ஏமாந்து எடுத்துக்கொண்டு பட்டினியால் அழிகிறது. அளவு மீறினால் குஞ்சும் அவ்வாறே தயமின் குறைந்து காலிழக்கும். எஞ்சிய மாத்திரையை மதிப்பாகக் கரைத்துக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதனால் விளங்கும். வைரசு நோய்க்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. நோய் வந்தபின் போடும் தடுப்பூசியும் மருந்தாகாது.

எந்தக் காரணமாயினும் பொதுவான பராமரிப்பு ஒன்றே. குஞ்சைத் தனியே வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அலகருகே நீரும் தீனியும் வைக்க வேண்டும். எழ முடியாத குஞ்சு நோயால் இறப்பதற்கு முன்பே தாகத்தால் இறந்துவிடும். சீரகம், வெங்காயம், மஞ்சள் போன்ற வீட்டு மருந்துகள் துணைக்கு ஏற்றவை; தடுப்பூசியின் இடத்தை அவை நிரப்பா.

வரலாற்று முக்கியத்துவம்

குஞ்சு நடக்கவில்லை என்று மட்டும் பார்த்த வரை எந்த மருந்தும் சில முறை பலித்து, சில முறை தவறியது. எங்கே வளர்ந்தது, என்ன தின்றது, எத்தனை நாள் வயது, அருகிலுள்ளவை எப்படி என்று கேட்டபோதுதான் நோய்கள் தனித்தனியே தெரிந்தன. பத்தாவியாவில் சமையற்காரர் மாறியதைக் கவனித்த பிறகே பெரிபெரியின் முடிச்சு அவிழ்ந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கொல்லையில் தீனித் தட்டையும் எச்சத்தையும் பார்த்துவிட்டுப் பின்பு மருந்தைத் தேடும் பெண்ணும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறார். ஒரு குஞ்சு பிழைப்பதும், மிச்சக் கோழிகள் தப்புவதும் பெரும்பாலும் அந்தச் சில கேள்விகளைப் பொறுத்தவை.